லண்டன் பம்ப்

வசந்தகுமார் தேயிலை எஸ்டேட்டில் சின்ன துரையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய துரை ஆகாத குறையை, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கித் தீர்த்துக்கொண்டார். அதற்கு ‘லேடி’ என்று பெயர். இறக்கத்தில் லேடி பறப்பாள், ஏற்றத்தில் நின்றுவிடுவாள். போன டிசம்பரில் கேத்தி வளைவில் நின்றபோது, மனைவி தேவி பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளினாள். டூரிஸ்ட் வேன் ஒன்று வீடியோ எடுத்தது.

“இனி அந்த லேடியோட நீங்க போங்க. இந்த லேடி பஸ்ஸுல வந்துக்கறேன்” என்றாள் அந்தக் கோயமுத்தூர்க்காரி.

குன்னூரில் அவரை இன்னும் ‘துரை’ என்று கூப்பிடுவது மெக்கானிக் ரஞ்சனி மட்டும்தான். அவள் பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பார்த்தாள். “உள்ள இருக்கிற ரப்பர் தேஞ்சு கிழிஞ்சிருச்சு துரை. அதான் மேட்டுல பெட்ரோல் ஏறல. கோயமுத்தூருல சொன்னா நாளைக்கே வந்திரும்.”

வசந்தகுமார் பற்றவைக்காத பைப்பை வாயிலிருந்து எடுத்தார். “கோயமுத்தூரா? லேடிக்கு லண்டன் சாமான்தான்.”

லண்டன் சாமான் வந்துசேர இரண்டு மாதம் ஆயிற்று. இத்தலாரில் தேவியின் தங்கை வீட்டு விசேஷம். “ஒரே ஒருக்கா வா. வழில நின்னா வித்துடறேன்” என்று கெஞ்சிச் சம்மதம் வாங்கினார். தேவி பட்டுப்புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். செருப்பு பையில் இருந்தது.

“ஷூ எதுக்கு?”

“தள்ளறதுக்குங்க.”

கிளப் டை கட்டியிருந்த வசந்தகுமார், பாலம் திறப்பவரைப் போல அட்டைப்பெட்டியை வெட்டித் திறந்தார். ரஞ்சனி புதுப் பம்பைத் திருப்பினாள். அடியில் பொடி எழுத்து: மேட் இன் கோயமுத்தூர். அவள் தேவியைப் பார்த்தாள். தேவியும் படித்துவிட்டிருந்தாள்.

“என்ன பாக்கறே?” என்றார் வசந்தகுமார்.

“சீமைச் சாமான் துரை. கையில எடுத்தாலே தெரியுதே” என்று ரஞ்சனி எழுத்துத் தெரியாதபடி மாட்டி, நட்டை இறுக்கினாள். பம்பின் சின்ன லீவரை நாலு தரம் அமுக்கியதும் அதன் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் குபுக்கென்று ஏறியது.

அரவங்காடு வரை லண்டன் தொழில்நுட்பம் பற்றிப் பேசிய வசந்தகுமார், கேத்தி வளைவில் வாயை மூடினார். தேவியின் கை கதவுப்பிடியில் இருந்தது. வண்டி ஒருமுறை இருமியது. சாய்ந்தால் ஏதோ பிரயோஜனம் என்பதுபோல இருவரும் முன்னால் சாய்ந்தார்கள். பிறகு லேடி ஒரே மூச்சில் வளைவைத் தாண்டினாள்.

மேடு முடிந்ததும் வசந்தகுமார் கியரை மாற்றினார்.

“தேவி, அது கோயமுத்தூர் பம்பு. முந்தாநாளே பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு, பெட்டிய மறுபடி ஒட்டிட்டேன்.”

“தெரியுமுங்க. ரஞ்சனியும் பாத்துட்டுத்தான் மறைச்சு மாட்டுனா.”

வசந்தகுமார் டையைத் தளர்த்தினார். காது சிவந்திருந்தது. “கோயமுத்தூர்ல இருந்து வந்ததுதான் நாப்பது வருசமா நிக்காம இழுத்துட்டிருக்கு” என்றார், ஸ்டியரிங்கிடம்.

தேவி குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். பையிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க, துரை” என்றாள்.