ஒன்பதாவது நெட்டி

1

இந்தக் கதை என் கழுத்தில் பிறந்தது. வாக்கியம் சிக்கிக்கொண்டால் தாடையைப் பிடித்துத் தலையை ஒரு வெட்டு வெட்டி நெட்டி முறிப்பது என் வழக்கம். போன வாரம் அப்படி முறித்ததும் கண்ணில் பூச்சி பறந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பயம் தெளிவதற்குள் கதை வந்துவிட்டது! வெட்கமில்லாமல் எழுத உட்கார்ந்தேன்.

2

"1991. ஸ்ரீபெரும்புதூரின் செம்மண் வெளியில் சூரியன்..."

அந்த வரியை அடித்துவிட்டேன். சூரியனுக்கு இங்கே வேலையில்லை, ஃபேனுக்குத்தான் வேலை.

ரிலே செய்யும் சின்னக் கம்பெனி அது. (ரிலே என்பது மின்சாரம் பாய்ந்ததும் 'டிக்' என்று சத்தம் போடும் குட்டிப் பெட்டி.) அந்த டிக்கைக் காதால் கேட்டுத் தரம் பிரிப்பது மெர்சியின் வேலை. சத்தம் வந்தால் ஓகே, வராவிட்டால் ரிஜக்ட். அத்தனை கூர்மையான காது என்பதால், டீ இடைவேளையில் நடக்கும் நெட்டிப் போட்டிக்கும் அவளே நடுவர். கழுத்திலும் முதுகிலும் அதிக நெட்டி முறிப்பவருக்கு ஒரு வாரம் ஃபேனடி இடம். தகரக் கூரைக்குக் கீழே அது சொர்க்கம்!

3

இன்றைய போட்டியில் ஸ்க்ரூ முடுக்கும் தாண்டவராயன் எட்டு முறித்துவிட்டான். அவன் பக்கத்து சீட் ரத்தினமும் எட்டு. வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் லைனே எழுந்து நின்று கத்துகிறது.

காலையில் ரத்தினத்தின் இடது கையிலிருந்து மூன்று முறை ஸ்க்ரூ நழுவியது. "விரலு மரத்துப்போன மாரி கீது, மெர்சி" என்றான்.

"சுளுக்குண்ணா. நல்லா சவுண்டு வர்ற மாரி ஒரு முறி முறி, சரியாப்பூடும்" என்றாள் அவள்.

[மெர்சி இவ்வளவு அசட்டுத்தனமாகச் சொல்வாளா? சொல்வாள். சத்தம் வந்தால் எல்லாம் ஓகே என்பதைத்தான் தினம் ஆயிரம் ரிலே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.*]

* மருத்துவ நண்பரிடம் கேட்டேன். நெட்டி என்பது மூட்டுக்குள் வாயு போடும் சத்தம்தானாம். மெதுவாக, தானாக வந்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. பலமாகத் திருகுவதுதான் வம்பு. மரத்துப்போதலோ தலைசுற்றலோ இருந்தால் தொடவே கூடாதாம். "நீ இன்னும் முறிக்கிறியா?" என்றார். பேச்சை மாற்றினேன்.

4

ரத்தினம் ஒரு கையைத் தாடையிலும் மறுகையைப் பிடரியிலும் வைக்கிறான். "ஒம்போது! ஒம்போது!" என்று கத்துகிறது கூட்டம்.

தாடையிலிருந்த இடது விரல்கள் வழுக்கி வழுக்கி இறங்குவதை மெர்சி பார்த்துவிடுகிறாள். தான் சொன்ன வைத்தியம்தானே!

"அண்ணா, வாணாம்! கைய எடு!"

"இன்னா மெர்சி, எண்ணுவியா மாட்டியா?" என்கிறான் ரத்தினம்.

"மாட்டேன். சவுண்டு வந்தாலும் ரிஜக்ட்!"

கூட்டம் ஊளையிடுகிறது. "அப்போ ஃபேன் என்துதான், மொதல்ல எட்டு போட்டது நான்!" என்று குதிக்கிறான் தாண்டவராயன். ரத்தினத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. வழுக்கிய விரல்களை மறுபடி தாடைக்கு ஏற்றுகிறான்.

5

முதல் முடிவு: கையை இறக்குகிறான், மெர்சி அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறாள். எழுதிப் பார்த்தேன், ரோஷக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது: திருகுகிறான், டிக்! ஒன்றும் ஆகவில்லை, ஃபேன் கிடைக்கிறது. இதுவும் நடக்கக்கூடியதுதான்.

மூன்றாவது: "திருகியதும் ரத்தினத்தின் இடது பக்கம் முழுவதும்..."

இங்கே வாக்கியம் சிக்கியது. என் கை தானாகத் தாடைக்குப் போய்விட்டது! இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ரத்தினத்தின் கையை மட்டும் என்னால் இறக்க முடியவில்லை. அவன் எண்ணுவதற்கு ஆள் தேடுகிறான்; மெர்சி மறுத்துவிட்டாள், நானும் மாட்டேன்.

இப்போது உங்களைப் பார்க்கிறான். எண்ணுவீர்களா?