நாற்பதடி ராம்ப்

லோயர் கேம்ப் போகும் சாலையிலுள்ள அந்தக் கல்லூரிக்கு அனுசுயா வந்திறங்கியபோது மணி ஒன்பதரை. மாற்றுத்திறனாளி மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கல்லூரி கல்லூரியாக ஆய்வு செய்யும் சமூகப் பணியாளர் அவள். "ராம்ப் உள்ளதா?" என்று அவள் அனுப்பிய படிவத்துக்கு, "உள்ளது. நாற்பதடி. சிவப்புக் கம்பளத்துடன்" என்று பதில் வந்திருந்தது. கம்பளம் விரித்த சாய்தளத்தை அவள் எந்த ஊரிலும் கண்டதில்லை.

மாடிப்படிக்குக் கீழே சக்கர நாற்காலியில் பாண்டீஸ்வரி இருந்தாள். வரலாறு, இரண்டாமாண்டு. பத்து மணிக்கு இரண்டாவது மாடியில் அவளுக்குப் பரீட்சை.

"ராம்ப் எங்க சார்?" என்றாள் அனுசுயா.

"மேல மாடியில இருக்கு, வாங்க மேடம்" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மாவாசி.

நாற்பத்தாறு படி ஏறினால் ஆடிட்டோரியம். மேடையிலிருந்து நீண்டு கிடந்தது, ஆண்டுவிழா அழகுப் போட்டியின் 'ராம்ப் வாக்'குக்காகச் செய்த நடைமேடை.

"போன வருசம் நம்ம காலேஜ் பையன் விஜய்ராஜ் இதுல நடந்துதான் கப்பு வாங்குனான்" என்றார் அம்மாவாசி.

அனுசுயாவுக்குத் திறந்த வாய் மூட ஏழு நிமிடம் ஆனது. அதற்குள் இரண்டு ஈக்கள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தன.

"அந்தப் பொண்ணு எப்படி சார் ஏறும்?"

"ராம்ப் இருக்கான்னுதான கேட்டீக? பிள்ளை ஏறுமான்னு கேக்கலையே!"

அனுசுயா கீழே ஓடிவந்தாள். பின்னாலேயே அம்மாவாசியும் இறங்கி வந்தார். "இதுவரைக்கும் எப்படிம்மா பரீட்சை எழுதுன?"

"உக்காந்து உக்காந்து, கைய ஊனி ஏறிருவேன்க்கா. ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துருவேன். இன்னைக்கு இது சுளுக்கிருச்சு." இடது மணிக்கட்டில் கட்டு. "இன்னைக்கு விட்டா அரியர்தான்."

இரண்டு வருடம். அனுசுயா அம்மாவாசி பக்கம் திரும்பினாள்.

"பரீட்சையக் கீழ லைப்ரரியில நடத்துங்க சார்!"

"எப்படி மேடம்? ஹால் டிக்கெட்ல ஆறாம் நம்பர் ஹால்னு அச்சடிச்சாச்சு. ஆறாம் நம்பர் மேலதான இருக்கு."

"மேல இருக்கறது போர்டுதான சார்?" என்றாள் பாண்டீஸ்வரி. "அதக் கழட்டிக் கீழ கொண்டாங்க. எங்கன மாட்டுறீகளோ அங்கனதான் ஆறாம் நம்பர்."

அம்மாவாசி அவளை ஏற இறங்கப் பார்த்தார். விதிப்படி அதில் குற்றம் ஏதும் அவருக்குத் தென்படவில்லை.

பத்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் 'ஹால் 6' பலகையை மார்போடு அணைத்து அவர் இறங்கினார். பின்னால் அந்த ஹாலில் எழுத உட்கார்ந்திருந்த முப்பது பேர் முணுமுணுத்தபடி இறங்கினார்கள்.

பலகை லைப்ரரி வாசலில் ஏறியதும், முதல் கேள்வித்தாள் பாண்டீஸ்வரி கைக்குப் போனது.