செத்த கல்

"செத்த கல்லு" என்ற அந்த ஒரு சொல் மங்கையின் நெஞ்சில் ஒரு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்தது.

அவளுடைய அரைக் காணிக்கு நாலு பக்கமும் இளையபெருமாள் நிலம். போன வருஷம் அந்தப் பாவி, அவள் போய்வரும் தடத்தை உழுது முள்வேலி போட்டுவிட்டான். பிடுங்க ஆள் போக வழியில்லாமல் மல்லாட்டைக் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துப் பாழாய்ப் போயிற்று. நியாயம் கேட்கப் போனால், செஞ்சி கூட்டு ரோட்டில், எழிலனின் செல்போன் கடையில் உட்கார்ந்து, கட்டம் போட்ட பலகையில் கறுப்பு வெள்ளைக் கல் வைத்து வளைக்கும் 'கோ' ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா? சுத்தி என் கறுப்பு, நடுவுல ஒரு வெள்ளை. இது செத்த கல்லும்மா. உன் நிலமும் அப்படித்தான். எனக்கே எழுதிக் குடுத்துடு."

கடையே சிரித்தது.

அன்றே அந்த ஆட்டத்தைத் தன் போனில் ஏற்றினாள். அடுப்படியில் ஆடினாள், அவலூர்பேட்டை பஸ்ஸில் ஆடினாள். விதி இதுதான்: வளைத்த இடம் வளைத்தவனுக்கு. ஆனால் வளைபட்ட கற்கள் தங்களுக்குள் தனித்தனியாக இரண்டு காலி இடம், அதாவது இரண்டு கண், வைத்துக்கொண்டால் எவனாலும் சாகடிக்க முடியாது. அப்போது வளைத்தவனை வெளியிலிருந்து வளைத்தால், அவனுக்குக் கண் இல்லாவிட்டால் சாவது அவன்தான். அது புரிந்த அன்று வாய்விட்டுச் சிரித்தாள்.

நேற்று அதே கடையில் அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"எழுதித் தரத்தான் வந்தேண்ணே. அதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம்."

அவன் பல்லை இளித்துக்கொண்டு அவள் வெள்ளைக் கற்களை மூலையில் வளைத்தான். அவள் சத்தமில்லாமல் இரண்டு கண் வைத்தாள். பிறகு அவன் வேலிக்கு வெளியே ஒவ்வொரு கல்லாக வைத்து அவனையே வளைத்து முடித்தாள்.

"உங்க வேலிக்கு ஒரு கண்ணாவது இருக்குதாண்ணே?"

அவன் எண்ணிப் பார்த்தான். முகம் செத்துப் போயிற்று. முப்பது கறுப்புக் கல்லையும் அவள் நிதானமாகப் பொறுக்கினாள்.

"வெளையாட்டுதான. பத்திரத்த எடு," என்றான் இளையபெருமாள்.

அவள் எடுத்தது குத்தகைப் பத்திரம். "ரோட்டோரம் மேல்சித்தாமூர்ல இருக்கற வாசுபூஜ்ய நைனாரோட நெலத்த நான் எடுத்துட்டேன், பத்து வருஷத்துக்கு. உங்க டிராக்டர் அது வழியாத்தான போவுது? காலையில வேலி போட்டாச்சு."

அவன் எழுந்து நின்றுவிட்டான். "நாளைக்கு நெல்லு அறுக்க மெஷின் வருதும்மா! வேற வழி கெடையாது! உன் தடத்த இப்பவே தொறந்துடறேன்."

"தொறங்க. நானும் தொறக்கறேன்," என்றாள் மங்கை. "உங்க நெல்லு நெலத்துலயே முளைக்கட்டும், அப்புறமா."