நதியாவின் தூக்குச்சட்டி

விடியுமுன்னே சுருளியம்மாள் இருபது பேருக்கு உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். அண்டாவில் கரண்டி நகர மறுத்தது. தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. அடி உதைக்குத் தப்பி வரும் பெண்களும் பிள்ளைகளும் ஒதுங்கும் காப்பகம் அது. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண்கள் முறைவைத்து, கூலியில்லாமல், சமைத்துவிட்டுப் போவார்கள். பொறுப்பாளர் அம்சத் பீவி அவர்களிடம் கேட்டது ஒன்றுதான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே மூச்சு விடக்கூடாது.

சுருளியம்மாள் மூச்சு விடவில்லை. ஆனால் ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. இருக்கையில் யாருடைய தூக்குச்சட்டி இருக்கிறதோ அவளுக்குத்தான் அந்த இடம். மூன்று நாள் இடம் காலியாகக் கிடந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதே ஜீப்பில் போகும் நதியா, வேலைக்குக் கிளம்பிய கோலத்திலேயே, கை ஒடிந்து, தூக்குச்சட்டியோடு மகள் திரிஷாவைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்கு ஓடி வந்து இன்றோடு மூன்று நாள். பாவம், அவள் வேலையாவது நிலைக்கட்டும் என்று, பேர் வெட்டிய அவள் சட்டியைக் கொண்டுபோய், தெருமுனையில் நின்ற ஜீப்பில் வைத்தாள் சுருளியம்மாள். பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்ட் விஜயகுமார் அந்தச் சட்டியைத் தூக்கிப் பேரைப் படித்தான்.

"சட்டி வந்துருச்சு. ஆளு எங்கன?"

சுருளியம்மாள் சட்டிக்குக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"நீ சோறாக்குற எடத்துலதான இருக்கா? கூட்டியா. அவ வந்தாத்தேன் சாவியத் திருப்புவேன்னு பாண்டீஸ்வரன் உக்காந்துருக்கான். மலையில காய் பழுத்து உதிருது."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பாண்டீஸ்வரன், நதியாவின் புருசன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவ கைய ஒடிச்சதே இவந்தேன்," என்றாள் சுருளியம்மாள்.

"அது அவுக குடும்பம். அவ வரலேன்னா, அங்கன கரண்டி புடிக்கிற ஒருத்திக்கும் என் வண்டியில எடமில்ல."

ஒருத்தியின் எலும்பைவிட அவனுக்கு ஏலக்காய் பெரிது.  சுருளியம்மாளுக்கு முதலில் தன் மேலேயே ஆத்திரம். ஜீப்பில் இருந்த பெண்களிடம், காட்டிக் கொடுத்தது தன் கைதான் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு விஜயகுமாரிடமிருந்து நதியாவின் சட்டியைப் பிடுங்கினாள். தன் சட்டியையும் எடுத்துக்கொண்டாள்.

"ஒனக்குப் புத்தி எங்க போச்சுடி?" என்று ஜீப்பில் உட்கார்ந்தபடியே திட்டினாள் சங்கிலியம்மாள். அவள் ஒருத்தி உழைப்பில்தான் அவள் வீட்டில் நாலு வயிறு நிறைகிறது. திட்டிக்கொண்டே இறங்கித் தன் சட்டியை நீட்டினாள். "இந்தா, இதையும் புடி."

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஜீப் காலியானது.

பக்கத்து ஊர் பண்ணைப்புரத்தில் ஆளுக்கா பஞ்சம் என்று விஜயகுமார் செல்போனை எடுத்தான். சங்கிலியம்மாளும் எடுத்தாள்.

"அங்கன ஆள் சேக்குறது ஏந் தங்கச்சிதேன். நானும் பேசுறேன்."

பாண்டீஸ்வரன் வண்டியை விட்டுக் குதித்துக் காப்பகத்தை நோக்கி நடந்தான். பெண்கள் அவனை முந்திக்கொண்டு ஓடினார்கள். வாசலுக்குக் குறுக்கே பதினோரு சட்டிகளை வரிசையாக வைத்து, பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் நதியாவின் சட்டி இருந்தது.

நாளைக்கு வேலை உண்டா என்று ஒருத்திக்கும் தெரியாது. சட்டி வரிசைக்கு முன்னால் பாண்டீஸ்வரன் நின்றுவிட்டான்.

"எடம் புடிச்சாச்சு," என்றாள் சுருளியம்மாள். "போ."