தண்ணீரில் மிதந்த கார்

மதலேனின் மாருதி 800-க்குத் தம்பி வின்சான் அகல டயர் போட்டுக் கொடுத்தது 2005 செப்டம்பரில். பதினைந்து வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவன் அவன். சாரம் பகுதியில் அக்கா வீட்டு மாடியில்தான் அவனும் மனைவி நத்தாலியும் குடியிருந்தார்கள்.

"இது இன்னாக்கா, சைக்கிள் டயர் மாதிரி!" என்று வண்டியோடு வந்த டயரைப் பார்த்துச் சிரித்தான். மறுநாளே நெல்லித்தோப்புக் கடையில் பளபளக்கும் அலாய் சக்கரங்களோடு புது டயர்கள் ஏறின. பழையதைவிட முப்பது மில்லிமீட்டர் அகலம் கூடுதல். வளைவுகளில் வண்டி முன்னைவிட உறுதியாகத் திரும்பியது. மதலேனுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எட்டு மாதக் கர்ப்பிணியான நத்தாலியை டாக்டரிடம் காட்டிவிட்டு மதலேன் நூறடி ரோட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். தேங்கியிருந்த நீரில் வண்டி ஏறியதும் ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் போனது. இடப்பக்கம் திருப்பினாள், வண்டி கேட்கவில்லை. தன் இஷ்டத்துக்கு வழுக்கிப் பாதி வட்டம் சுற்றி, ஓரத்து வாய்க்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டபடி விலகிப் போனது.

"நத்தாலி!"

"ஒண்ணும் ஆவல அண்ணி," என்றாள் அவள். இரண்டு கைகளும் வயிற்றைக் கெட்டியாகப் பிடித்திருந்தன.

விஷயம் கேட்டதும் வின்சானுக்கு முகம் வெளுத்தது. பயம் கோபமாக வெளியே வந்தது. "பிரேக்கை மிதிச்சிருப்பே. தண்ணில மிதிக்கலாமா?"

"மிதிக்கலடா."

"மே நோன், இல்லவே இல்லக்கா! அகல டயர் வழுக்காது. ரோட்டுல ரப்பர் நெறய படுது, புடிப்பும் நெறய."

டயர் மாட்டிய நெல்லித்தோப்புக் கடைக்காரர் பாவாடையும் அதையேதான் சொன்னார். டயரைச் சுற்றிப் பார்த்தார், காற்றை அளந்தார். "காத்து கரெக்டா இருக்கு மேடம். டயர் பட்டனும் தேயல. ஓட்டினதுலதான் ஏதோ ஆயிருக்கணும்."

இரண்டு ஆண்கள் ஒரே பேச்சைப் பேசிவிட்டார்கள். ஆனால் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது மதலேன். பிரேக் பக்கம் கால் போகவில்லை என்பது அவளுக்கு நிச்சயம். கார் லேசானது. அந்தக் கொஞ்ச எடை அகலமான ரப்பர் மேல் பரவி நிற்கிறது. பலகையைத் தண்ணீர் மேல் படுக்கப் போட்டால் மிதக்காமல் என்ன செய்யும்? நத்தாலிக்கு வலி எடுக்கும்போதும் இந்த மழை விட்டிருக்கப்போவதில்லை. சோதித்துப் பார்த்துவிடுவதென்று மதலேன் முடிவெடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டில் கிடந்த பழைய சக்கரங்கள் நான்கையும் வண்டியில் ஏற்றினாள். "கிளம்பு. நீயே ஓட்டு," என்றாள் தம்பியிடம்.

ஊருக்கு வெளியே, மனை போட்டு யாரும் வீடு கட்டாத இடம். தார் ரோட்டின் மேட்டுப் பகுதி வெயிலில் காய்ந்து கிடந்தது. பள்ளத்தில் மழைநீர் தேங்கியிருந்தது. மரமோ கம்பமோ கிட்டத்தில் இல்லை.

முதலில் காய்ந்த இடத்தில் வேகமாக வந்து பிரேக் போட்டான் வின்சான். வண்டி நின்ற இடத்தில் மதலேன் ஒரு செங்கல்லை வைத்தாள். பிறகு அவளும் ஏறிக்கொள்ள, தண்ணீரில். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றுமில்லை. ஐம்பதில் அவன் புருவம் சுருங்கியது. அறுபதில் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பிப் பார்த்தான். வண்டி நேராகவே போனது, சக்கரத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல.

"மோன் தியே... கடவுளே!"

"பிரேக்கை மிதிச்சியா?"

அவன் வண்டியை மேட்டில் கொண்டுவந்து நிறுத்தினான்.

இருவரும் ஜாக்கி போட்டு, சேற்றில் முட்டி போட்டுப் பழைய சக்கரங்களை மாட்டினார்கள். அதே காய்ந்த ரோட்டில், அதே வேகத்தில் வந்து அதே இடத்தில் பிரேக் போட்டும், வண்டி செங்கல்லைத் தாண்டி ஓர் ஆள் நீளம் போய்த்தான் நின்றது. "பாத்தியா!" என்றான் வின்சான், உடனே தெம்பு வந்து.

"பாத்தேன். காஞ்ச ரோட்டுல நீ சொல்றதுதான் சரி. இப்ப தண்ணில போ."

அறுபதில் திருப்பினான். வண்டி திரும்பியது. ஒடுங்கிய டயர் நீரைக் கிழித்துக்கொண்டு அடியிலிருந்த தாரைப் பிடித்திருந்தது. மதலேன் அதோடு விடவில்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்து." எழுபதைத் தாண்டியதும் இதுவும் மிதக்கத் தொடங்கியது.

"அப்ப இதையும் நம்பி வேகமா போவக் கூடாது," என்றாள். "மழை முடியற வரைக்கும் இதுதான் ஓடும். உன் டயரைத் தையில மாட்டிக்கலாம்."

வின்சான் கையிலிருந்த சேற்றைப் பேன்ட்டில் துடைத்தான். "நான் அன்னிக்கு உன்மேல கத்தியிருக்கக் கூடாதுக்கா."

"பயத்துல கத்தினே. ஏறு, நத்தாலி தனியா இருக்கா."

கார்த்திகை பிறந்து ஒரு மத்தியானம் நத்தாலிக்கு வலி எடுத்தது. வெளியே வானம் உடைந்தாற்போல் கொட்டிக்கொண்டிருந்தது. வின்சான் சாவியை எடுத்தான். அவசரத்தில் அது தரையில் விழுந்தது. மதலேன் குனிந்து எடுத்தாள்.

"நீ பின்னால உக்காந்து அவளைப் புடிச்சுக்கோ."

ஆட்டோக்கள் ஓரங்கட்டி நின்றிருந்தன. வேகத்தை முப்பதுக்கு மேல் போகவிடாமல் ஓட்டினாள். நூறடி ரோட்டில் ஒரு வேன் இருபுறமும் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு முந்திப் போனது. "அக்கா, சீக்கிரம்..." என்று தொடங்கிய வின்சான் நிறுத்திக்கொண்டான். நீர் வண்டியின் அடியில் மோதி இரைந்தது. ஸ்டியரிங்கில் கனம் இருந்தது. மதலேன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஆயாக்கள் நத்தாலியைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. வின்சான் ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி அழுதான்.

"விடுடா, மூச்சு முட்டுது," என்றாள் மதலேன். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "வா, மொதல்ல புள்ளயைப் பாக்கலாம்."