மேட்டின் மேல் ஒரு கோழிக்கூடு

1

இந்தக் கதையைக் கோபத்தில் தொடங்கினேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஒன்பது மாதம் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. சரி, இருக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதிக் கொடுத்தேன். கையில் கிடைப்பதை வைத்துக் கோழிக்கூடு கட்டுவது எப்படி என்று சொல்லும் கையேடு. மூன்றாம் பக்கத்தில் நான் எழுதிய வாக்கியம் இது: "உங்கள் வீட்டைச் சுற்றி எது மேடான இடமோ அங்கே கூட்டைக் கட்டுங்கள், வெள்ளம் தொடாது."

தெளிவான வாக்கியம்தான். ஆனால் ரேவா ஆற்றுப் பக்கம் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தவள் எழுதியிருக்கக் கூடாத வாக்கியம். இந்த ஃபிஜிக் கிராமங்களில் தட்டை நிலத்தின் நடுவே ஒரு மேடு இருந்தால் அது தானாக வந்ததில்லை. முன்னோர் வீடு நின்ற அடித்தளம் அது. வீடு போனாலும் மேடு இருக்கும், மேட்டுக்கு ஒரு பெயர் இருக்கும். அதன் மேல் யாரும் சும்மா ஏறி நிற்பதில்லை. நானே எத்தனையோ தடவை அதைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. கையேடுகள் எந்த ஊருக்கும் எழுதப்படுவதில்லை, அதனால் இருக்கலாம்.

(இது சமாதானம். அடித்துவிடலாம் என்று நினைத்தேன். என் சமாதானங்களையும் நீங்கள் பார்க்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "ரேவா ஆற்றங்கரையில் உனாய்சி என்றொரு பெண் இருந்தாள். கோழிகள் என்றால் அவளுக்கு உயிர். அவை அவள் குரலைக் கேட்டதுமே—"

வேண்டாம். கோழிகள் மேல் அவளுக்கு அப்படியொன்றும் பாசம் கிடையாது. முட்டை மேல் இருந்தது. அதைவிட, தன் கையால் செய்த ஒன்று விழாமல் நிற்கிறது என்பதன் மேல் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: "மதியம் பிடித்த மழை விடவேயில்லை. உனாய்சி தகரத்தைத் தலைக்கு மேல்—"

இதுவும் வேண்டாம். மழையை முதலிலேயே விட்டால் அவள் மேல் பரிதாபம் வந்துவிடும். பரிதாபத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

கூட்டிலிருந்து தொடங்குகிறேன்.

3

என் கையேட்டைப் பார்த்து உனாய்சி அந்தக் கூட்டைப் பதினோரு நாளில் கட்டினாள். கால்களுக்குக் கண்டல் மரக் கம்பு. கீரி ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலையும் சுற்றிப் பால்மாவு டின்னை வெட்டிப் பிரித்த தகடு. சுவருக்குக் கிழிந்த மீன்வலை, இரண்டு மடிப்பாக. புயல் தூக்கி வந்து ஆற்றோரம் போட்ட துத்தநாகத் தகடு கூரையானது; அது மறுபடி பறக்காமலிருக்க மேலே ஒரு பழைய டயர். எச்சம் கீழே விழும்படி இடைவெளி விட்டுப் பிளந்த மூங்கில் தரை. எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்து வைத்த தண்ணீர்த் தொட்டி, குடிக்கக் குடிக்கத் தானே நிரம்பும். கதவுக்குக் கீல் இல்லை. அறுந்த ரப்பர் செருப்பின் வாரை ஆணியடித்தாள். அது கீலைவிடச் சத்தமில்லாமல் திறந்தது.

இடத்தைப் பற்றி அவள் கேட்கத்தான் செய்தாள். அவள் வேறு கிராமத்திலிருந்து மணமாகி வந்தவள். கேட்காமல் செய்கிற பழக்கம் இல்லை. கணவன் அபிசாயிடம் கேட்டாள்.

"இந்த மேட்டுல வெச்சா உங்க ஆளுங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"எங்க தாத்தா மேடு. எனக்கும் பங்கு இல்லியா? நான் சொல்றேன், வை."

"எதுக்கும் உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ கம்பை நேராப் புடி, கோணுது."

கம்பை அவள் பிடித்தாள். குழியை அவன் தோண்டினான்.

(இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு குழிகளையும் அவன்தான் தோண்டினான்.)

4

இப்போது அண்ணன். பெயர் செமிசி. குடும்பத்துக்கு மூத்தவர், நிலத்தைப் பற்றிய பேச்சில் கடைசி வார்த்தை அவருடையது. முந்தைய பிரதியில் அவருக்கு அடர்ந்த புருவமும் இடிக்குரலும் கொடுத்திருந்தேன். வில்லன் ஒருவர் கிடைத்துவிட்டால் கதைக்குச் சௌகரியம். பிறகு வெட்கமாகி எடுத்துவிட்டேன். சாதாரணப் புருவம்தான் அவருக்கு. போன புயலில் உனாய்சி வீட்டுக் கூரை பிய்ந்தபோது மேலே ஏறி ஆணியடித்தவர் அவர்தான்.

நான்கு மாதம் அவரும் அந்த மேட்டு முட்டையைச் சாப்பிட்டார். சனிக்கிழமைதோறும் அவர் மனைவி டோரிகா பேசின் எடுத்துக்கொண்டு வருவாள்.

"ஏய் உனாய்சி, உன் கோழிங்கல்லாம் பெரிய இடத்துக் கோழிங்கடி. அதுங்க மேட்டுல குடியிருக்கு, நாம பள்ளத்துல கெடக்கோம்."

"நீங்களும் முட்டை போடுங்க அக்கா, உங்களையும் மேல ஏத்தி விடறேன்."

"அஞ்சு போட்டாச்சு. எல்லாம் அவரை மாதிரியே முழிக்குது."

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டே இருந்திருக்கும். கையேட்டின் இரண்டாம் பதிப்புக்குப் படம் எடுக்க நான் போனேன்.

"கொஞ்சம் மேல ஏறி நில்லு, கூடு முழுசாத் தெரியட்டும்," என்றேன். உனாய்சி தயங்கினாள். பிறகு ஏறினாள். கூரையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தாள். வேடிக்கை பார்க்க வந்த செமிசி கீழே நின்றிருந்தார். படத்தின் அடியோரத்தில் அவர் தலை மட்டும் விழுந்தது, அவள் பாதத்துக்குப் பக்கத்தில். நான் கவனிக்கவில்லை. அச்சாகி, மருந்தகச் சுவரில் ஒட்டிய பிறகு ஊரே கவனித்தது. தோணித்துறையில் செமிசியைப் பார்த்தவர்களெல்லாம், "தம்பி பொண்டாட்டி காலடியில என்ன தேடிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்கள்.

அன்றைக்குத்தான் அந்த மேட்டுக்கு ஒரு பெயர் உண்டு என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

5

செமிசி வீட்டில் கூடினார்கள். ஆண்கள் யங்கோனா என்கிற வேர்ச்சாற்றுப் பாத்திரத்தைச் சுற்றி. உனாய்சி கதவோரம், பாயின் கடைசியில், கால்களை ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டு. அந்த வீட்டில் மருமகள்களின் இடம் அதுதான். அங்கிருந்து பேசுவதில்லை.

செமிசி கத்தவில்லை. "அங்க எங்க தாத்தா வீடு நின்னுச்சு. இப்ப கோழி எச்சம் போடுது," என்றார். பிறகு, கொஞ்சம் நிறுத்தி: "நம்ம ரத்தத்துல ஒருத்தன் யோசிச்சு முடிவு பண்ணி வெச்சிருந்தா அது வேற பேச்சு. அவனுக்கு அந்த உரிமை இருக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், கூடு அங்கயே இருக்கட்டும். வெளியூர்லேந்து வந்த பொண்ணு தானாக் கொண்டுபோய் வெச்சிருந்தா அது வேற. கேக்கறேன், யாரு முடிவு பண்ணினது?"

கேள்வி அவ்வளவு எளிதாக இருந்தது. உனாய்சிக்கு நிம்மதியானது. அபிசாய் இப்போது வாயைத் திறந்து "நான்தான்" என்பான், எல்லாம் முடிந்துவிடும், வீட்டுக்குப் போய் மரவள்ளியை அவிக்கலாம் என்று அவள் நினைத்தாள். அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபிசாய் கையிலிருந்த சிரட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்தான். இன்னொரு தரம் துடைத்தான்.

"அவ ஏதோ தாள்ல படிச்சா," என்றான்.

"அப்ப தாளை மன்னிப்புக் கேக்கச் சொல்லு!" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. செமிசியும் சிரித்துவிட்டார், பாவம், அவருக்கும் அது முடிந்தால் போதும் என்றிருந்தது. அபிசாய் கொண்டுவந்திருந்த யங்கோனா வேர்க்கட்டை முன்னால் வைத்து, தன் மனைவி செய்த தவறுக்காக மன்னிப்புக் கேட்டான். முறைப்படி கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். கூடு ஞாயிற்றுக்கிழமைக்குள் இறங்க வேண்டும்.

(வேர்க்கட்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தான். அதாவது, பதிலையும் முன்கூட்டியே வைத்திருந்தான். இந்த வரியை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. கிழிந்த இடத்தை அச்சில் காட்ட வழியில்லை.)

வழியில் அபிசாய் சொன்னான்: "சண்டை வேணாம்னுதான்..."

"உனக்கு வேணாம்னு எனக்குக் குடுத்துட்டே," என்றாள் உனாய்சி.

கூட்டை அவளே பிரித்தாள். சமையற்கட்டுக்குப் பின்னால், பள்ளத்தில், மறுபடி கட்டினாள். அவன் குழி தோண்ட வந்தான். "தள்ளு," என்றாள். அவ்வளவுதான் அந்த வாரம் முழுக்க அவள் அவனிடம் பேசியது.

6

மழை இப்போது வரலாம்.

பிப்ரவரியில், ஒரு வியாழன் மதியம், ஆறு கரை தாண்டியது. ஊர் முழுக்கத் தேவாலயத்துக்கு ஏறியது. ஆடுமாடு, கோழிகளை அங்கே விடமாட்டார்கள். பள்ளத்துக் கூட்டில் தண்ணீர் மூங்கில் தரையைத் தொட்டது. உனாய்சி இருபத்து மூன்று கோழிகளையும் கால்களைக் கட்டி, தென்னோலைக் கூடைகளில் அடைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். சுற்றிலும் பழுப்புத் தண்ணீர். பத்து எட்டில் அந்த மேடு, ஈரம்கூடப் படாமல். மேட்டோரத்தில் செமிசி தன் தோணியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: கோழிகள் மூழ்குகின்றன. எழுதிவிட்டு அழுதேன். கோழிகளுக்காக அழவில்லை, என் வாக்கியம் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: உனாய்சி யாரையும் கேட்காமல் மேட்டில் ஏறுகிறாள். கூடைகளை நடுமேட்டில் இறக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்து, செமிசியைப் பார்த்து—

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவளுக்கே படித்துக் காட்டினேன். மரவள்ளி சீவிக்கொண்டே கேட்டாள்.

"நல்லாருக்கு," என்றாள். "மறுநாள்?"

"மறுநாள் என்ன?"

"மறுநாள் நான் யார் வீட்டுல நெருப்பு எடுக்கறது, யார் தோணியில புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது? நீ கதையை முடிச்சுட்டு பஸ் ஏறிடுவே. நான் இங்கதானே குடித்தனம் பண்றேன்."

முடிவு மூன்று, நடந்தது. அவள் கூடைகளோடு நின்றாள். அபிசாய் பக்கத்தில் நின்றான். அவள் அவனிடம் சொன்னாள்: "போன தடவை உன்னைக் கேட்டேன். இந்தத் தடவை கேக்க மாட்டேன். அதோ உங்க அண்ணன். யாரு முடிவு பண்ணினதுன்னு நீ போய்ச் சொல்லு." அவன் அண்ணனை நோக்கித் தண்ணீரில் நடந்தான்.

பிறகு நடந்ததும் எனக்குத் தெரியும். எழுதப் போனேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதை எழுதாதே."

"ஏன்? அவனைக் காப்பாத்தறியா?"

"காப்பாத்தறதா?" அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "அன்னைக்கு நடந்ததை நீ புஸ்தகத்துல போட்டுட்டா அதோட அவனுக்கு முடிஞ்சு போச்சு. 'இப்படித்தான் நான், எழுதியே வெச்சுட்டாங்க'ன்னு சாய்ஞ்சு உக்காந்துக்குவான். அப்படி ஈஸியா விட மாட்டேன். தெனமும் காலைல எழுந்ததும் அவன் முன்னாடி அந்தக் கேள்வி இருக்கணும். நான் செத்தாலும் இருக்கணும்."

"அப்ப கதைக்கு முடிவு?"

"படிக்கறவங்க வீட்டுலயும் ஆம்பளைங்க இருப்பாங்கல்ல? அவங்ககிட்ட கேளு."

7

ஆகவே கேட்கிறேன். நீங்கள் அபிசாயின் இடத்தில் இருக்கிறீர்கள். தண்ணீர் உங்கள் இடுப்பு வரை. அண்ணன் தோணிக்கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். அவர் கோபமாகக்கூட இல்லை. முதுகுக்குப் பின்னால் உங்கள் மனைவி தலையில் ஒன்றும் இரு கைகளில் இரண்டுமாகக் கூடைகளைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அவள் உங்கள் முதுகைப் பார்க்கிறாள். நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அதற்கான இடத்தை விட்டிருக்கிறேன்.

"                              "

யோசிக்காதீர்கள். அவளுக்குக் கை வலிக்கிறது.