மந்திரவாதியும் இரண்டு வார்ப்புகளும்

கடிதத்தைப் படித்த கோபத்தில் பூவாத்தாள், களத்தில் காய்ந்துகொண்டிருந்த நிலக்கடலையை அப்படியே விட்டுவிட்டுப் பாலக்காட்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் பூமியும் ஒரு மோட்டார் கிணறும் வைத்து விவசாயம் பார்க்கிறவள் அவள். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் கோயமுத்தூரிலிருந்து வரும் ஒரு மாத இதழில் இரண்டு வருடமாக அவள் எழுதும் ‘கருங்கோட்டை மந்திரவாதி’ தொடருக்குப் பொள்ளாச்சி வரைக்கும் வாசகர்கள் இருந்தார்கள். மந்திரவாதி மகாகேது கையை நீட்டினால் போதும், யானை கூடப் பனைமர உயரம் பறந்துபோய் விழும்.

அதுதான் இப்போது தொல்லையாகியிருந்தது. இளவரசி செங்காந்தள் கோட்டை உச்சியில் மகாகேதுவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். வாள், அம்பு, முனிவர் சாபம் எல்லாம் போன மாதமே தோற்றுவிட்டன. ஐந்து நாளில் அடுத்த அத்தியாயம் கோயமுத்தூர் போய்ச் சேர வேண்டும். அவனை எப்படி வீழ்த்துவதென்று எழுதுகிறவளுக்கே தெரியவில்லை. இந்த நேரத்தில்தான் கல்பாத்தியிலிருந்து நாலு பக்கக் கடிதம் வந்தது.

“யானையைத் தள்ளுகிறவன் அதே விசையில் பின்னால் தள்ளப்பட வேண்டும். உங்கள் மந்திரவாதியோ நின்ற இடத்தில் மீசையை முறுக்கிக்கொண்டிருக்கிறான். பௌதிக விதிப்படி இது பெரும் தவறு.” கீழே, திரிபுரசுந்தரி, கல்லூரி ஆசிரியை என்று கையெழுத்து.

கல்பாத்தியில் அந்த விலாசத்தில் கதவைத் திறந்தவள் முப்பது வயதுக்குள்தான் இருப்பாள். மூக்குக்கண்ணாடி, மெலிந்த உடம்பு, விரலெல்லாம் சாக்பீஸ்.

“ஏனுங்க, இந்தக் காயிதம் எழுதினது நீங்கதானுங்களா?”

“ஆமாம். நீங்க?”

“பூவாத்தாளுங்க. என்ற மந்திரவாதியக் குத்தம் சொல்றதுக்கு நீங்க ஆருங்க?”

திரிபுரசுந்தரி ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி, “அய்யோ, நீங்களா! வாங்கோ, உள்ளே வாங்கோ! செங்காந்தள் தப்பிச்சுடுவாளோன்னோ? அதை மட்டும் சொல்லிடுங்கோ!” என்று கூவினாள்.

இதைப் பூவாத்தாள் எதிர்பார்க்கவில்லை. “கதை புடிக்கலைன்னுதானுங்களே எழுதியிருக்கறீங்க?”

“பிடிக்காததுக்கு யாராவது நாலு பக்கம் எழுதுவாளா?”

காப்பி வந்தது. சண்டை ஓயவில்லை, சிரிப்போடு நடந்தது. மந்திரத்துக்கு எதுக்குங்க விதி என்றாள் பூவாத்தாள். மந்திரம் எப்படி வேணும்னாலும் இருக்கட்டும், ஆனா யானை யானையாக்கும் என்றாள் திரிபுரசுந்தரி.

“நானுந்தான் எருமையத் தள்ளறனுங்க. பின்னால போயா உளுகறேன்?”

“காலைத் தரையில ஊணிக்கறேள். தரை உங்களைப் பிடிச்சுக்கறது. அந்தப் பிடியை எடுத்துட்டா என்ன ஆகும், கேட்டேளா? வாங்கோ, காட்டறேன்.”

கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. ஆற்றுப்படித்துறையில் சமையல்காரர் முத்துசுவாமி, திருவிழா விருந்துக்குப் பாயசம் வைக்கும் பெரிய வெண்கல வார்ப்புகளைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வெற்றிலை போடப் போயிருந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் காலை மடக்கி உட்காரலாம். தண்ணீர் இடுப்பளவுதான், ஓட்டமும் மெதுவாக இருந்தது.

“மிதக்குமுங்களா?”

“மிதக்கும். நீங்க மகாகேது. நான் யானை.”

இந்த நோஞ்சான் யானையைப் பார்த்துப் பூவாத்தாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இருவரும் வார்ப்புகளைத் தண்ணீருக்குள் இழுத்து, புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்கள். வார்ப்புகள் ஆடி ஆடி நிலைக்கு வந்தன. பூவாத்தாள் இரண்டு கைகளையும் நீட்டி, கதையில் வருகிற மாதிரியே, “ஓம் க்ரீம் கடகடா!” என்று கத்திக்கொண்டு எதிர் வார்ப்பின் விளிம்பை ஓங்கித் தள்ளினாள்.

யானை வேகமாகப் போயிற்று. மந்திரவாதியும் போனாள், பின்பக்கமாக.

“பாத்தேளா! பாத்தேளா!” கண்ணாடி நழுவத் திரிபுரசுந்தரி கத்தினாள். “நீங்க கனம் ஜாஸ்தி, அதனால மெதுவாப் போறேள். ஆனா போறேள்!”

“இன்னொருக்கா!” என்றாள் பூவாத்தாள்.

இன்னொரு தரம் தள்ளினார்கள். அப்புறம் இன்னொரு தரம். நாலாவது தரம் யானையைத் தள்ளாமல் படித்துறைக் கல்லைத் தள்ளிப் பார்த்தாள் பூவாத்தாள். கல் அசையவில்லை. அவள் மட்டும் வழுக்கிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போனாள். ஓட்டத்தில் வார்ப்பு ஒரு சுற்றுச் சுற்றிற்று. வானமும் கோயில் கோபுரமும் தென்னைகளும் கூடவே சுற்றின. அந்தச் சுற்றில்தான் அவளுக்குப் பொறி தட்டியது.

“விளக்கெண்ணெய்!” என்று அலறினாள். “ஏனுங்க, விளக்கெண்ணெயுங்க!”

“என்னது?”

“கோட்டைத் தரையெல்லாம் செங்காந்தள் விளக்கெண்ணெய ஊத்திப்போடறா! கல்தூணுக்குப் பொறத்தால நின்னுக்கிட்டு அவன வம்புக்கு இழுக்கறா! அவன் மந்திரத்தப் போடறான், தூணு அசையல, இவன்தான் வழுக்கிக்கிட்டே போயி...”

“கோட்டை விளிம்புலேர்ந்து கீழே!”

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து கைதட்டினார்கள். வார்ப்பில் எழுந்து நிற்கக்கூடாது என்பது பௌதிகம் படித்தவளுக்கும் அப்போது நினைவில்லை. இரண்டும் கவிழ்ந்தன.

வெற்றிலை வாயோடு முத்துசுவாமி ஓடிவந்தபோது ஒரு வார்ப்பு ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. கல்லூரி ஆசிரியை அதைத் துரத்திக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒரு கவுண்டச்சி இடுப்பளவு தண்ணீரில் நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எந்தாக்கும் இது! பாயச வார்ப்பாக்கும் அது! சுந்தரி, நோக்கு பைத்தியமா?”

“மாமா, மந்திரவாதி செத்துட்டான்!” என்றாள் திரிபுரசுந்தரி, மூச்சு வாங்க.

முத்துசுவாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு வார்ப்புகளையும் கரையேற்றி, புளி போட்டு மறுபடி தேய்க்க வைத்துவிட்டுத்தான் அவர்களை விட்டார். தேய்க்கும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

ஈரப்புடவையோடு பஸ் ஏறிய பூவாத்தாள், திரிபுரசுந்தரி கொடுத்த நோட்டில் அங்கேயே எழுத ஆரம்பித்தாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அவரும் அந்தத் தொடரின் வாசகர். “அப்படின்னா மகாகேது காலியா? அவன் இன்னொரு தூணப் புடிச்சுக்கிட்டா?”

பூவாத்தாளின் பேனா நின்றது. பிறகு முகம் மலர்ந்தது. “மந்திரத்துக்கு ரெண்டு கையும் நீட்டோணுமுங்களே! எதுலீங்க புடிப்பான்?”

பின் சீட்டுக்காரர் செருப்பில் ஆணி இருந்தால் என்றார். மந்திரவாதி செருப்புப் போடமாட்டான் என்றாள் கூடைக்காரி. அவன் உட்கார்ந்துகொண்டு மந்திரம் போட்டால் என்றார் டிரைவர், திரும்பாமலே. உட்கார்ந்தபடியே வழுக்குவான் என்று பஸ்ஸே சேர்ந்து கத்திற்று. இந்த அமளியில் அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய் அதற்கடுத்ததும் போய்விட்டது. இரண்டு மைல் திரும்பி நடந்து வீடு வந்தாள். கடலையை வாரி வைத்திருந்த கணவன் குப்பண்ணன், “புள்ள, சண்டை போட்டயா?” என்றான்.

“போட்டேன். நல்லாத் தோத்துட்டு வந்தேன்” என்றாள், சந்தோஷமாக.

மகாகேது மார்கழி இதழில் விழுந்தான். பத்திரிகைக்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு சாக்குப்பையில் போட்டு பஸ்ஸில் அனுப்பிவைத்தார். பொங்கலுக்கு மறுநாள் திரிபுரசுந்தரி கடிதம் எழுதாமல் தானே வந்து இறங்கினாள். வரப்பிலேயே நின்று கேட்டாள்.

“அடுத்த மாசம் செங்காந்தள் யார் கண்ணுக்கும் தெரியாமப் போறதுக்கு மை பூசிக்கறாளாமே, இதழ்ல போட்டிருந்துதே, நெஜமா?”

“ஆமாங்க. ஏனுங்க?”

“வெளிச்சம் அவளை ஊடுருவிண்டு போயிடுமோன்னோ? கண்ணுக்குள்ளயும் நிக்காது. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. குருடியாக்கும்.”

மண்வெட்டி பூவாத்தாளின் கையிலிருந்து நழுவியது. கண்கள் விரிந்தன.

“நெசமாவா? அப்ப அரண்மனைக்குள்ள தடவித் தடவித்தான் நடப்பாளா? காவக்காரன் மூஞ்சியவே தடவிப்போட்டா?” அவள் ஏற்கனவே வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தாள். “அங்கயே நிக்காதீங்க, வாங்க! பேனா உள்ளார இருக்குது!”